பதினேழாம் கூடு

பறவை ஆய்வாளர் எலேன் அம்மையார் அந்தக் கோடை முழுவதும் ஆர்க்டிக் கரையில் உள்ளான் குருவிகளைக் கவனித்துவிட்டு கனடாவின் மொன்றியல் நகருக்குத் திரும்பியிருந்தார். சேறும் மழையும் பட்ட அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்து எழுதும் வேலை மார்க்கண்டுவுக்குக் கிடைத்தது. மார்க்கண்டு திருகோணமலைக் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். அகதியாக வந்து ஒரு வருடம்.

ஆண் குருவி வானில் சிறகு நடுங்க நின்று கூவும். பெண் இணங்கினால் நிலத்துக் குழியில் நான்கு முட்டை. பிறகு இரண்டும் முறை வைத்து அடைகாக்கும்.

பதினேழாம் கூட்டில், யூலை நான்காம் திகதி இரை தேடப் போன பெண் திரும்பவில்லை. ஆண் ஒன்பது நாள் தனியே இருந்து பார்த்தது. பத்தாம் நாள் முட்டைகள் குளிர்ந்து கிடந்தன.

அதே யூலையில்தான் ஊரில் இருந்த மார்க்கண்டுவின் மனைவி யோகமலர், வவுனியாவுக்கு பஸ் எடுப்பதாகக் கடைசியாக எழுதியிருந்தாள்.

அந்தக் கூட்டின் குறிப்பைப் பார்த்து எழுதிய அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளியில் கெட்ட செய்தியைக் கையால் எழுதுவதில்லை என்பது அவர் வீட்டு வழக்கம். 'பெண் ஐந்தாம் திகதி திரும்பியது' என்று எழுதிவிட்டு எழுந்தார்.

வீடு திரும்பியபோது அறைத் தோழன் சிவராசா சமைத்துக்கொண்டிருந்தான்.

"கடிதம் வந்ததோ?"

"வரேல்ல அண்ணை. வந்தா உங்களுக்குத் தராமல் கறிக்குள்ளயோ போடப்போறன்?"

அவனுடைய கோட்டுப் பையில் நீல வான்கடிதம் ஒன்றின் ஓரத்தையும், அதில் யோகமலரின் சகோதரனான தன் மச்சானின் கையெழுத்தையும் மார்க்கண்டு பத்து நாளைக்கு முன்பே கண்டிருந்தார். அதைப் பற்றிக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எலேன் பிழையைக் கண்டுபிடித்தார். மார்க்கண்டு தலை குனிந்து, தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். வேலை போய்விடும் என்றே நினைத்தார். எலேன் புதுத்தாள் ஒன்றை வைத்து, கதிரையை இழுத்துப் போட்டு, அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார்.

'திரும்பவில்லை.'

பின்னேரம் அறைக்கு வந்த மார்க்கண்டு காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"சிவா, உன்ரை கோட்டுக்குள்ள இருக்கிற கடிதத்தைத் தா."

சிவராசா அகப்பையை வைத்தான்.

"ஊரிலயிருந்து அம்மா எனக்கு எழுதினவ அண்ணை, அக்கான்ரை விசயத்தை. அதுதான்... இன்னும் ரெண்டு நாள் நீங்கள் நிம்மதியாச் சாப்பிடட்டும் எண்டு..."

"ஓம். நல்லாத்தான் சாப்பாடு போட்டாய், தம்பி."

கடிதம் ஒட்டியபடியே இருந்தது. மார்க்கண்டு கண்ணை மூடி, ஊர்க் கோயில் கோணேசரை நினைத்துக்கொண்டு பிரித்தார். இரண்டாம் வரியில் யோகமலரின் பெயர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

சிவராசா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். துக்கத்தை எடுத்துவிட ஒருவராலும் இயலாது. பக்கத்தில் இருக்க இயலும். அந்த அளவுக்காவது கடவுள் மனிதரிடம் விட்டுவைத்திருக்கிறார்.

"மிச்சத்தை நீ வாசி," என்றார் மார்க்கண்டு.