கேன் மேல் குற்றமில்லை

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் திரவ நைட்ரஜன் இருந்த ஒரே இடம் கால்நடை மருந்தகம். காளைகளின் விந்தை அடைத்த மெல்லிய ஸ்ட்ராக்கள் அங்கே ஒரு அலுமினிய கேனுக்குள், பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் மூழ்கிக் கிடக்கும். மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் கோவிந்தராஜுலு ஒரு ஸ்ட்ராவை எடுத்துப்போய் சினை ஊசி போடுவார். அவர் டாக்டருக்குப் படித்தவரில்லை, கால்நடை ஆய்வாளர்தான். ஊருக்கு அவர்தான் டாக்டர்.

நாச்சியம்மாளுக்கும் அதே நைட்ரஜன் வேண்டியிருந்தது. பீளமேட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். வயது முப்பதைத் தாண்டியிருந்தது, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுப் பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். யிட்ரியம், பேரியம், தாமிர ஆக்சைடுகளோடு கொஞ்சம் வெள்ளியும் சேர்த்து உரலில் அரைத்து, சூளையில் சுட்டு, கறுப்பு வில்லைகள் செய்வாள். அந்த வில்லையை நைட்ரஜனால் குளிர வைத்தால் ஒரு கட்டத்தில் மின்தடை முழுசாக அற்றுப்போகும். மின்சாரம் நஷ்டமில்லாமல் ஓடும். அதைத்தான் மீகடத்தி என்கிறார்கள். எந்தக் குளிரில் தடை அறுகிறது என்று அளந்து வரைபடம் போட வேண்டும். உலகத்தில் நூறு பேர் செய்து முடித்த வேலைதான். ஆனால் அவளுக்கு அது முதல் வேலை.

நைட்ரஜன் விற்கும் கம்பெனி முப்பது லிட்டருக்குக் குறைவாகத் தராது. அதை வாங்கி வைக்கக் கல்லூரியில் பாத்திரம் கிடையாது. பாத்திரம் கேட்டு அவள் எழுதிய கடிதம் இரண்டு வருடமாக அலுவலகத்தில் கிடந்தது. சொந்த ஊரில், வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அதே நைட்ரஜன் இருப்பது ஒருநாள் அப்பாவின் மாட்டை ஓட்டிக்கொண்டு போனபோதுதான் கண்ணில் பட்டது.

"மாட்டுக்குப் போக மிச்சமிருந்தா எடுத்துக்குங்க அம்மணி. காத்துல போறதுதான?" என்றார் கோவிந்தராஜுலு. "எங்கூட்டுக் கேன்ல படிச்சு நீங்க டாக்டர் ஆயிட்டா, ஊருக்கு ரெண்டு டாக்டரு. ஆனா ஊசி மட்டும் நாந்தான் போடுவேன்."

மருந்தகக் கேனை நிரப்பும் நைட்ரஜன் வண்டி வருவதற்கு முந்தைய சனிக்கிழமைகளில் மூன்று லிட்டர் பிளாஸ்க் ஒன்றில் வாங்கிக்கொள்வாள். மூடி போட்டால் வெடித்துவிடும் என்பதால் வாயில் பஞ்சுதான் வைக்க வேண்டும். பஸ்ஸில் அதிலிருந்து புகை கசியும்.

"ஏனுங்க, அடுப்போட ஏறிட்டீங்களா?" என்பார் கண்டக்டர்.

"அடுப்பில்லீங்க, ஐஸுங்க."

"எங்களுக்கும் ஒண்ணு குடுக்கறது?"

1994 ஜனவரியில் கோவிந்தராஜுலு மகளின் கல்யாணத்துக்காக எட்டு நாள் லீவில் போனார். சாவியை நாச்சியம்மாளிடம் கொடுத்தார். மருந்தகத்தில் கூட்டிப் பெருக்கும் பூவாத்தாளிடம் இன்னொரு சாவி இருந்தது, ஆனால் அவளுக்குக் கேன் என்றாலே பயம். கோவிந்தராஜுலு ஒரு நீள மரக்குச்சியைக் கேனுக்குள் விட்டெடுத்து, காற்றில் ஆட்டிக் காட்டினார். நைட்ரஜன் தொட்ட உயரம் வரை குச்சியில் வெள்ளையாகப் பனி பூத்தது.

"பனி எட்டு விரல் இருக்குதுங்களா? சனிக்கெழம உங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்குங்க. நாலு விரலுக்குக் கீழ மட்டும் போக உட்றாதீங்க. உள்ள இருக்கறதெல்லாம் உசுரு. திங்கக்கெழம வண்டி வந்துரும்."

சனிக்கிழமை மூன்று லிட்டர் எடுத்தாள். நான்கு விரல் மிச்சம். கல்லூரி ஆய்வகத்தில் வில்லையைக் குளிர வைத்தாள். நூற்று இருபது கெல்வினுக்கு, அதாவது பூஜ்யத்துக்குக் கீழே நூற்றைம்பத்துமூன்று டிகிரிக்கு வந்தபோது, வில்லையில் கம்பியை ஒட்டியிருந்த வெள்ளிப் பசை விட்டுப்போனது. அளவுமானியின் முள் தாறுமாறாக ஆடியது. கம்பியை மறுபடி ஒட்டிக் காய வைப்பதற்குள் நைட்ரஜன் தீர்ந்துவிட்டது. சென்னையிலிருந்த ஆராய்ச்சி வழிகாட்டி புதன்கிழமைக்குள் வரைபடம் கேட்டிருந்தார். அது போய்ச் சேராவிட்டால் ஆராய்ச்சிப் பதிவை இன்னொரு வருடம் நீட்டிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்தகத்தைத் திறந்து கேனைச் சாய்த்தாள். பிளாஸ்க் நிறைந்தபின் குச்சியை விட்டுப் பார்த்தாள். நுனியில் நகத்தளவுக்குத்தான் பனி. அவள் கை நின்றது. பிளாஸ்கில் இருப்பதைத் திருப்பி ஊற்றிவிடலாம். நாளைக்கு வண்டி வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு பஞ்சை அடைத்தாள்.

அன்று கம்பி விடவில்லை. தொண்ணூற்றொன்று கெல்வினில் முள் சரிந்து பூஜ்யத்தில் படுத்தது. சூடேற்றினாள், எழுந்தது. குளிர வைத்தாள், படுத்தது. ஆய்வகத்தில் யாருமில்லை. அவள் தனியாகச் சிரித்தாள்.

அந்த வாரம் முழுக்க கோடு போடுவதும் தட்டச்சு செய்வதும் தபாலில் அனுப்புவதுமாகப் போயிற்று. கேனை அவள் திறக்கவில்லை. வண்டி வந்ததா என்று கேட்கவுமில்லை. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் தெருவில் பூவாத்தாள் எதிரில் வந்தாள்.

"வண்டி இன்னிக்குத்தானுங்க வந்துச்சு அம்மணி. வழியில படுத்துக்கிச்சாம். கேனைத் தொறந்தா புகையே காணோம். அந்தாளு ஊத்த ஊத்த உள்ள தளதளன்னு கொதிக்குது பாருங்க, நான் பயந்து வெளிய ஓடியாந்துட்டேன்."

நைட்ரஜன் தளதளவென்று கொதித்தால் பாத்திரம் சூடாக இருந்தது என்று அர்த்தம். முதலாமாண்டு மாணவர்களுக்கு அவளே நடத்தும் பாடம். ஸ்ட்ராக்களுக்குள் இருந்த விந்து உருகியிருந்தது. இப்போது மறுபடி உறைந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே ஒன்றுக்கும் உயிர் இருக்காது.

திங்கட்கிழமை கோவிந்தராஜுலு கல்யாணப் பலகாரத்தோடு வந்தார். கேனில் குச்சியை விட்டார். பனி கேனின் கழுத்து உயரத்துக்குப் பூத்து வந்தது.

"நடுவுல பாத்தீங்களா அம்மணி?"

"பாத்தேனுங்க சார்."

"செரியா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

அவர் கையில் தேன்குழல் பொட்டலம் இருந்தது, முகத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த நிறைவு இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

இருபத்தோரு நாளில் மாடுகள் மறுபடி கத்த ஆரம்பித்தன. ஊசி போட்ட மாடுகளுக்குத் திரும்பப் போட்டார். அவையும் கத்தின. மார்ச் மாதத்துக்குள் முப்பத்தேழு மாடுகள். ஒன்றுக்குக்கூடச் சினை நிற்கவில்லை. அதில் ஒன்று நாச்சியம்மாளின் அப்பா பாலுசாமியின் செவலைக் கிடாரி. கன்றிலிருந்து வளர்த்தது, முதல் ஈற்றுக்குக் காத்திருந்தது.

பாலுசாமி எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' விடாதவர். மூன்றாம் முறை ஊசி போட வீட்டுக்கு வந்த கோவிந்தராஜுலுவிடம், "ஏனுங்க டாக்டரே, ஊசில மருந்து இருக்குதுங்களா, இல்ல நம்ம போர் தண்ணிங்களா?" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க. எனக்கே ஒண்ணும் பிடிபடலீங்க."

"இருவது வருஷமா போடறீங்க. வயசாச்சுன்னா ஒதுங்கிக்கோணுமுங்க. எங்க மாட்டுல வந்து கை பழகாதீங்க."

நாச்சியம்மாள் மோர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். கோவிந்தராஜுலு வாங்கிக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லா இருந்துச்சுங்க அம்மணி" என்றார். அடுத்த வியாழக்கிழமை செவலை பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிற்று. மலட்டு மாட்டை யார் எதற்கு வாங்குவார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஊர்க்காரர்கள் மனு எழுதினார்கள். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி, கேன் கோளாறா, ஆள் கோளாறா என்று கேட்டார். கேனின் இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் கெட்டிருந்தால் நைட்ரஜன் சீக்கிரம் ஆவியாகியிருக்கும், அப்படியானால் ஆய்வாளர் மேல் பிழையில்லை. அதை யார் சோதிப்பது?

"பீளமேட்டுக் காலேஜ்ல நம்ம ஊருப் பொண்ணு இருக்குதுங்க. குளிரப் பத்தியே படிக்குது. அது சொன்னா செரியா இருக்கும்" என்று கோவிந்தராஜுலுவே சொல்லிவிட்டார்.

கேனைத் தானே டாக்ஸி வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். ஏழு நாள் அதைத் தராசில் வைத்து நாச்சியம்மாள் காலையும் மாலையும் எடை பார்த்தாள். ஒரு நாளைக்கு எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவுதான் குறைந்தது. கேன் முழு ஆரோக்கியமாக இருந்தது. கெட்டிருக்கிறது என்று எழுதிவிடலாமா என்று ஒரு முழு இரவு யோசித்தாள். பொய் அளவு எழுதக் கை வரவில்லை. உண்மையை முழுசாக எழுதினால் கேன் திறந்த கதை, சாவி கொடுத்த கதை, மூன்று லிட்டர் பிளாஸ்க், ஆராய்ச்சி எல்லாம் வெளியே வரும்.

கல்லூரித் தாளில் மூன்று வரி எழுதினாள். ஏழு நாள் சோதிக்கப்பட்டது. ஆவியாகும் அளவு இயல்பானது. கேன் நல்ல நிலையில் உள்ளது. கீழே கையெழுத்தும் துறை முத்திரையும். அவள் வாழ்க்கையில் எழுதிய அறிக்கைகளில் ஒரு எண்கூடத் தப்பில்லாத அறிக்கை அது.

கோவிந்தராஜுலு இரண்டு முறை படித்தார்.

"அப்ப கேன் மேல குத்தமில்லீங்களா?"

"இல்லீங்க சார்."

"வேற என்னவா இருக்கும்ங்க?"

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தராசின் மேல் கிடந்த துணியை மடித்தாள். அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் அவரை ஊசி போடும் வேலையிலிருந்து எடுத்து வேறு மாவட்டத்தில் ஆட்டுப் பண்ணை ஒன்றுக்கு மாற்றினார்கள். விசாரணையில் பூவாத்தாளை யாரும் கேட்கவில்லை.

1996இல் நாச்சியம்மாளுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் வழிகாட்டி, முதல்வர், சூளை பழுது பார்த்தவர், தட்டச்சு செய்தவர் என்று எல்லோர் பெயரும் இருந்தது. நைட்ரஜன் யார் கொடுத்தது என்று மட்டும் அதில் இல்லை. வாய்மொழித் தேர்வில் அதை யாரும் கேட்கவுமில்லை.

1998 ஆகஸ்டில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு தொழிற்சாலைக்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு போனாள். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு தீவனக் கடை. தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே கோவிந்தராஜுலு உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டாராம்.

"டாக்டர் அம்மணிங்களா! வாங்க, வாங்க. பட்டம் வாங்கீட்டீங்கன்னு பேப்பர்ல பாத்தேனுங்க. ஊட்ல எல்லார்கிட்டயும் காட்டினேன்."

கலர் சோடா வாங்கிக்கொடுத்தார். அதற்குள் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, மாடு கத்துகிறது, வந்து ஊசி போட முடியுமா என்று கேட்டார். "இப்பப் போடறதில்லீங்க, கை செரிப்படறதில்ல" என்று சொல்லி அனுப்பினார். பிறகு இவளிடம், "நீங்க எட போட்டு அளந்து சொன்னீங்களே, அப்பறந்தானுங்க எனக்கு நிச்சயமாச்சு. கேன் மேல குத்தமில்லேன்னா என் கைதான" என்றார்.

நாச்சியம்மாள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, நகத்தளவுப் பனி, பூவாத்தாள் சொன்ன கொதிப்பு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ரோட்டில் ஊட்டி பஸ் ஒன்று போயிற்று.

"ரெண்டு நாளும் சேத்து ஆறு லிட்டருங்களா?"

"ஆமாங்க."

"அன்னிக்குத் திங்கக்கெழம சொல்லியிருந்தா..." என்று நிறுத்தி, மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்த்தார். "இருக்கறதெல்லாம் கொட்டிப்போட்டு, டவுன்ல போய் புது ஸ்ட்ரா வாங்கியாந்திருப்பேனுங்க. மத்தியானச் சோத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்."

அவள் அழ ஆரம்பித்தாள். அவர் எழுந்துபோய்த் தராசுத் தட்டில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டு வந்தார்.

"அன்னிக்கு எழுதினீங்களே, அதே மாதிரி காலேஜ் தாள்ல, சீல் வெச்சு, இதையும் எழுதிக் குடுங்க. ஆபீசுக்கு வேண்டாம், அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. ஊட்ல காட்டோணும். எம்பொண்டாட்டி எனக்குக் கை நடுக்கம்னு இன்னும் தாயத்துக் கட்டி உட்டுக்கிட்டு இருக்கறா." கொஞ்சம் பொறுத்து, "உங்க அப்பாகிட்டயும் சொல்லிப்போடுங்க. போன மாசம் காந்திபுரத்துல என்னயப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனாருங்க" என்றார்.

மறுநாள் கல்லூரியில் உட்கார்ந்து எழுதினாள். முத்திரை குத்தி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு, பஸ் ஏறி ஊருக்கு வந்தாள்.

பாலுசாமி தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் நிறைத்துக்கொண்டிருந்தார். மகள் சொன்னதை, குழாயை மூடாமலே கேட்டார். தொட்டி வழிந்து அவர் காலில் ஓடியது.

"அப்ப அந்தச் செவலைக்கு ஒரு குத்தமும் இல்லியா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

அவர் குழாயை மூடினார். அவளைப் பார்க்காமல் கட்டுத்தறிப் பக்கம் நடந்தார்.