கஸ்பாரின் காங்கோக்காரன்

இடது காலில் ஷூ ஏறிவிட்டது. வலது கால்தான் அடம் பிடித்தது. ஐரீன் அப்பாவின் குதிகாலுக்குப் பின்னால் கரண்டிக் காம்பைச் செருகி நெம்பிக்கொண்டிருந்தாள். கஸ்பார் வருடத்துக்கு இரண்டு முறை, ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் ஷூ போட்டவர். மூன்றாவது தடவைக்கு அவர் ஒத்துக்கொள்வதாக இல்லை.

"வுடு கண்ணு," என்றார் கலீலுல்லா. "கால் வீங்கிக்கீது. லேஸைக் கட்டாம சும்மா மாட்டி வுடு. அவன் இன்னா நடக்கவா போறான்?"

கலீலுல்லா துறைமுகத்தில் கஸ்பாரோடு இருபது வருடம் ஒரே ஷிப்டில் விஞ்ச் ஓட்டியவர். கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் வைக்கிற வேலை. அன்று காலை ஆறு மணிக்கு கஸ்பார் டீயைக் குடித்து முடித்து, சர்க்கரை கம்மி என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. இப்போது மணி ஒன்று.

பேண்டு மாஸ்டர் லூர்து யூனிபார்ம் கோட்டில் பாதி பட்டன் போட்டும் போடாமலும், கக்கத்தில் ஒரு சின்ன ரெக்கார்டோடு வாசலில் வந்து நின்றார்.

"ஐரீன், இப்டி வாம்மா. வேற ரெக்கார்ட குடுத்து அனுப்பிட்டே போலக்கீது."

ஐரீன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். இந்த ஒரு விஷயத்தில் தப்பு நடக்கக் கூடாது என்றுதான் பதினைந்து நாளாக அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கஸ்பாருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது என்று சொல்ல முடியாது. தெருமுனை மைக்செட்டில் ஊரே அதைக் கேட்கும்போது வீட்டுக்குள் வேறு எதற்கு என்பார். இங்கிலீஷ் பாட்டைக் கவனித்துக்கொள்ள ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ-இந்தியர்கள் இருந்தார்கள். அவருக்கு வேண்டியவை இந்த இரண்டிலும் சேராத பாட்டுகள். கப்பலில் வந்தவனிடம், "சாங்? யுவர் கன்ட்ரி சாங்?" என்று கேட்பார். மனைவி வியாகுலம்மாள் போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் மேலே போகும், ஒரு ரெக்கார்டு கீழே வரும். அப்படித்தான் எகிப்தும் கிரீஸும் இந்தோனேசியாவும் ராயபுரத்தில் ஒன்றரை அறை வீட்டுக்குக் குடிவந்தன. எகிப்து அம்மாள் ஒரே வரியைப் பத்து நிமிடம் பாடுவாள். "அவசரமே இல்ல பாரு அந்தம்மாக்கு," என்று மெச்சுவார். கிரேக்கனுக்கு ஏதோ கோர்ட்டுக் கேஸ் நடக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம்.

எல்லோருக்கும் மேலே காங்கோக்காரன். அறுபத்தாறில் ஒரு கப்பல் சமையல்காரன் கொடுத்த சின்ன ரெக்கார்டு. நடுவில் பெரிய ஓட்டை. பழைய செருப்பின் நீல ரப்பரை வட்டமாக வெட்டி அதை அடைத்தார். உள்ளேயிருந்து கிணற்றின் அடியில் நின்று பேசுவது போல ஒரு கனத்த ஆண்குரல் வந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. கஸ்பாருக்குப் புரியத் தேவையும் இருக்கவில்லை. "பொண்டாட்டி பூட்டா இவனுக்கு," என்றார் முதல் நாளே. இரண்டாம் வருடம் அவனுடைய படகும் போய்விட்டது. பிறகு வந்த எட்டு வருடமும் கல்லறைத் திருநாளில் தன் பெற்றோருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய கையோடு, காங்கோக்காரனின் மனைவிக்கும் ஒன்று ஏற்றிவிட்டு வந்தார்.

டாக்டர் கையை விரித்த அன்று ஐரீனைக் கூப்பிட்டார். "என் ஆளு பாட்டோடதான் நான் போவணும். பேண்டுக்காரன் வேற எதுனா வாசிச்சான், எய்ந்து வந்துருவேன்."

"சரி நைனா," என்று சொல்லியிருந்தாள்.

மறுநாளே ரெக்கார்டை லூர்துவுக்கு அனுப்பினாள். உயிரோடு இருக்கிற மனிதருக்குச் சாவு ஒத்திகை பார்ப்பது மரியாதை இல்லை என்று அவர் அதைத் தொடவில்லை. இன்று காலை செய்தி போன பிறகுதான் தண்டையார்பேட்டை பேண்டு ஆபீசில் போட்டுக் கேட்டிருக்கிறார்.

"ஒரு பொண்ணு பாடுதும்மா. குஜாலா பாடுது. நம்ம பசங்க ரெண்டு தபா கேட்டானுங்கோ, மூணாவது தபா எய்ந்து ஆடிட்டானுங்கோ. இத்த கோயில் வாசல்ல வாசிச்சேன்னு வை, சாமியார் எனக்கும் சேத்து பூசை வெச்சிருவாரு."

"பொண்ணா? அது ஆம்பளை பாட்டு மாஸ்டர். வயசானவரு."

"எனக்கின்னா ஆம்பளை பொம்பளை தெரியாதா?"

ஐரீன் ரெக்கார்டை வாங்கிப் பார்த்தாள். நடுவில் நீல ரப்பர். அதேதான்.

கஸ்பாரின் பாட்டுப்பெட்டி மூர் மார்க்கெட்டில் வாங்கியது. வேகத்தை மாற்றும் கம்பி, வாங்கும்போதே ஒடிந்திருந்தது. இருந்த ஒரே பிளக் அப்பாவின் தலைமாட்டில். ஐரீன் பெட்டியைத் திறந்ததும், "சாவு வூட்ல பாட்டா?" என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"அவருக்குத்தான போடறா, போடட்டும்," என்றாள் வியாகுலம்மாள்.

குரல் வந்தது. கனமாக, இழுத்து, ஒவ்வொரு சொல்லையும் தோளில் சுமந்துகொண்டு. மத்தியானத்தோடு ஓய்ந்திருந்த பெண்கள் மறுபடி ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். லூர்து தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார். பிறகு குனிந்து பெட்டியைக் கூர்ந்து பார்த்தார்.

"இன்னாது இது, இவ்ளோ மெதுவா சுத்துது?"

"எப்பவும் அப்டிதான் சுத்தும்."

லூர்து ஒரு விரலை ரெக்கார்டின் நடுக் காகிதத்தில் வைத்துத் தள்ளினார். இன்னும் கொஞ்சம் வேகமாகத் தள்ளினார். கிணற்றுக்குள் இருந்த ஆள் படிப்படியாக மேலேறி வந்தார். மேலே வந்து நின்றபோது அவர் பெண்ணாக இருந்தார். பதினெட்டு வயதுக்கு மேல் சொல்ல முடியாது. அவளுக்குப் பின்னால் கிதார்கள் கார்ப்பரேஷன் குழாயடிப் பெண்களைப் போல ஒன்றையொன்று மறித்துப் பேசின.

அழுகை நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அழ முடியவில்லை, அவ்வளவுதான்.

"நாப்பத்தஞ்சுன்னு போட்டுக்கீது பாரு," என்றார் லூர்து. "நிமிசத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து சுத்தணும். உங்க பொட்டி முப்பத்துமூணுலயே மாட்டிகினு நிக்குது."

"அது பாடறவரோட வயசுன்னு நைனா சொன்னாரே," என்றாள் ஐரீன்.

கலீலுல்லா பெட்டியருகே குனிந்து நண்பரின் முகத்தைப் பார்த்தார். "மோசம் பூட்டியே மாமு," என்றார் மெல்ல.

வியாகுலம்மாள் மட்டும் ரெக்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டு வருசமா என் வூட்டுல ஒரு பொண்ணு பாடிகினு கீறா," என்றாள். "எனக்கே தெரியாம." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பக்கத்திலிருந்தவர்கள் ஆறுதலாக முதுகைத் தடவினார்கள். அது அழுகைதானா என்று ஐரீனுக்கு மட்டும் சந்தேகமாக இருந்தது.

"இப்ப எத்த வாசிக்கட்டும்? நீயே சொல்லு," என்றார் லூர்து.

ஐரீன் யோசித்தாள். சரியான வேகத்தில் வாசித்தால் அப்பாவுக்கு அது யார் பாட்டென்றே தெரியாது. அப்பாவின் வேகத்தில் வாசித்தால் அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது. அவனுக்கு மனைவி சாகவில்லை, படகு முழுகவில்லை. எட்டு மெழுகுவர்த்தியும் யாருக்கோ எரிந்திருக்கின்றன. ஆனாலும் அவள் வாக்குக் கொடுத்தது இந்த ஆளின் பாட்டுக்குத்தான்.

"மெதுவாவே வாசிங்க மாஸ்டர். நைனாக்கு அந்தப் பொண்ணத் தெரியாது. தெரிஞ்ச ஆளு கூட போவட்டும்."

"அதுவும் சரிதான்," என்று லூர்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். கிளாரினெட் காங்கோக்காரனின் குரலை எடுத்துக்கொண்டது, டிரம் ஒவ்வொரு அடிக்கும் நின்று நிதானித்து விழுந்தது. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் லூர்துவைக் கூப்பிட்டு அது என்ன கீதம் என்று விசாரித்தார்.

"ஆப்பிரிக்காது சாமி."

"அதான பார்த்தேன். அங்கெல்லாம் விசுவாசம் ரொம்ப ஆழம்," என்றார் சாமியார்.

காசிமேட்டுக் கல்லறைக்குப் போகிற வழியில், துறைமுகத்துக்குள் நுழையும் சரக்கு லைனில் கேட் போட்டிருந்தது. ஊர்வலம் நின்றது. நாற்பது வேகன் இரும்புத்தாது நிதானமாகப் போகும் வரை கஸ்பார் சவ வண்டியில் காத்திருந்தார். கடைசி வேகன் போனதும் கேட்மேன் கம்பத்தைத் தூக்கிக்கொண்டே கத்தினான்.

"சீக்கிரம் தாண்டுங்கபா! பின்னாலயே இன்னொரு வண்டி வந்துகினு கீது!"

வண்டி தள்ளியவர்கள் எட்டி நடை போட்டார்கள். டிரம் அடிப்பவன் வண்டிக்கு முன்னால் ஓட வேண்டியிருந்தது. ஓடுகிற காலுக்கு ஒரு தாளம், கைக்கு ஒரு தாளம் என்று வாசிக்க அவனுக்குத் தெரியாது. தண்டவாளத்தைத் தாண்டுவதற்குள் டிரம் காலோடு சேர்ந்துகொண்டது, டிரம்பெட் டிரம்மைப் பிடித்துக்கொண்டது, கிளாரினெட் கிணற்றிலிருந்து நேராக வெளியே குதித்தது. காலையில் மூன்று தடவை கேட்ட பாட்டு. யாருக்கும் தப்பவில்லை.

அந்தப் பக்கம் போன பிறகும் வேகம் இறங்கவில்லை. லூர்து கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமலே திரும்பி, குறைக்கட்டுமா என்பது போலப் புருவத்தைத் தூக்கி ஐரீனைப் பார்த்தார். பின்னால் வந்த கலீலுல்லாவும் பார்த்தார்.

ஐரீன் அம்மாவைத் தேடினாள். பக்கத்தில் காணோம்.

வியாகுலம்மாள் எப்போதோ முன்னால் போயிருந்தாள். ஒரு கையால் சவ வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, வண்டிக்குச் சமமாக, அந்தப் பெண்ணின் வேகத்திலேயே நடந்துகொண்டிருந்தாள்.