மகளின் வசனம்

1

இந்தக் கதை நான் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு திட்டில் பிறந்தது. திட்டியவர் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா. என் ஆறு வயது மகள் மாடியிலிருந்து விழுந்து, மண்டையில் பலத்த அடிபட்டு நாற்பது நாளாகிறது. கண் விழித்துவிட்டாள். சொன்னால் புரிகிறது. பேச்சு மட்டும் வரவில்லை.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘அவளுடைய மௌனம் ஒரு’

(வேண்டாம். பெற்ற பிள்ளையின் மௌனத்துக்கு உவமை தேடுகிறவன் ஒரு அப்பனா?)

2

பயிற்சியாளர் பந்தையும் பொம்மைக் காரையும் காட்டி, “எது வேணும் தங்கம்?” என்றார். உதடு அசைந்தது. நான் பாய்ந்தேன். “பந்துதானேடா?” மகள் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

“சார், கொஞ்சம் சும்மா உக்காருங்க. அவ வாயத் திறக்கறா, நீங்க முந்திக்கிறீங்க. தலையாட்டினாலே காரியம் நடந்துட்டா அவ எதுக்குப் பேசணும்?”

“எழுத்தாளர் இல்லையா மேடம், எல்லாருக்கும் வசனம் இவரே எழுதிடுவார்” என்று மனைவி சிரித்தாள். நாற்பது நாளில் அவளுடைய முதல் சிரிப்பு.

3

இந்தப் பகுதியை ஏழு முறை அடித்துவிட்டேன். (முந்தைய வரைவில் இந்த அப்பா பாசத்தால் முந்துகிறார். எனக்கே அவரைப் பிடித்திருந்தது. பொய்.)

அன்று மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறிவிட்டு, “அப்பா, எறக்கி விடு” என்று கூப்பிட்டாள். நான் அறைக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். “இரு, இந்த வரிய முடிச்சிட்டு வரேன்.” மறுபடியும் கூப்பிட்டாள். நான் அந்த வரியை

தூங்கிக்கொண்டிருந்தேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை தெரிந்த இன்னொருத்திக்குப் பேச்சு வரவில்லை. அவள் பேச வேண்டும் என்று தவிக்கிறேன். பேசிவிடுவாளோ என்றும் பயப்படுகிறேன்.

4

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் அவள் “அப்பா” என்கிறாள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். மற்றதில் அவள் பேசவே இல்லை, நான் தப்பித்தேன். அதை எழுதியதும் இந்தக் கைதான்.

இன்று காலை மகள் என்னையே பார்த்து வாய் திறந்தாள். குரல் இல்லை, காற்று மட்டும் வந்தது.

“என்னங்க, ஏதோ சொல்றா!”

என்னிடம் பதில் தயாராக இருந்தது. விழுங்கினேன்.

“கிட்ட போய்க் கேளு. அன்னிக்குத் தூங்கிட்டிருந்தேன்னு நான் சொன்னத நம்பாத. அவ சொல்றதுதான் நிஜம்.”

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து காதை வைத்தாள். வாசகரே, இனி வருவது என் மகளின் வரி. அதை நான் எழுதப்போவதில்லை.