வாய்க்கு வந்த குடி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் தனுஷியா. முழுவதையும் சொன்னாளா என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வாவியின் மேல் காலை வெயில்…’ வேண்டாம். வெயிலுக்கும் இவளுடைய கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

2

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த ஜெயந்தனைக் கட்டப்போவதாக அவள் வீட்டில் சொன்னாள். தாய் புஸ்பம் அவனுடைய உத்தியோகத்தைக் கேட்கவில்லை, குடியைக் கேட்டாள். (குடி என்றால் வம்சம், எங்கள் பக்கம் அது தாய்வழியாக வரும். ஒரே குடி என்றால் அண்ணன் தங்கை முறை, கட்டக்கூடாது. குடியின் பெயரை மட்டும் இங்கே எழுத மாட்டேன். வாசிக்கிற நீங்கள் யாருக்குச் சொந்தமோ!)

தனுஷியா அவனுடைய குடியைச் சொன்னதும், “நாமளும் அதுதான்” என்றுவிட்டுப் புஸ்பம் குசினிக்குள் போய்விட்டாள்.

அதுவரை அந்த வீட்டில் குடியைப் பற்றிப் பேச்சே எழுந்ததில்லை. பதில் மட்டும் எப்படி இத்தனை சுறுக்காக வந்தது? அன்றைக்குத்தான் தனுஷியா தன் வம்சத்தைத் தேடத் தொடங்கினாள். ஒரு கடதாசியில் எழுதினாள்: தன் பெயருக்கு மேலே அம்மா, அதற்கு மேலே அம்மம்மா ஆச்சிப்பிள்ளை. அதற்கு மேலே வெறுங்கடதாசி. அவர்கள் இருக்கும் கொக்கட்டிச்சோலையில் கேட்டுப் பயனில்லை. புஸ்பம் பனிச்சங்கேணியிலிருந்து வந்தவள்.

3

பனிச்சங்கேணியில் புஸ்பத்தின் அக்கா, பெரியம்மா இரத்தினம்மா இருந்தாள். [அவளை நல்ல மனுசியாக எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.] மீன் அரிந்துகொண்டிருந்தவள், தனுஷியா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டாள்:

“கொம்மா என்ன சொன்னவ?”

தனுஷியாவுக்குச் சுருக்கென்றது. தாய் சொன்ன பெயரை அவள் சொல்லவில்லை. வாய்க்கு வந்த வேறொரு குடியைச் சொன்னாள்.

பெரியம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “ஓம் புள்ள. அதுதான் நம்மட குடி.”

4

பஸ்ஸில் திரும்பும்போது தனுஷியாவுக்கு இரண்டு யோசனை. தங்கச்சி சொன்னதாக எதைச் சொன்னாலும் பெரியம்மா தலையாட்டுவாள். அவள் சொல்லை நம்ப முடியாது. இல்லையென்றால், வாய்க்கு வந்ததே உண்மையாகிப் போயிற்று. பொய் சொன்னவள் தாய்.

வீட்டுக்கு வந்து, பெரியம்மா சொன்ன பெயர் என்று அதையே தாயிடம் சொன்னாள். புஸ்பம் குசினி வாசலில் நின்றபடி சொன்னாள்:

“அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

குடி வேறென்றான பிறகு கலியாணத்துக்கு மறுப்புச் சொல்ல யாருமில்லை.

5

ஒரு முடிவில் தனுஷியா எல்லாவற்றையும் ஜெயந்தனிடம் சொல்கிறாள். எழுதினேன், கிழித்துவிட்டேன், அவள் அப்படிச் செய்யவில்லை. இன்னொன்றில் புஸ்பம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். அதற்கு அவளுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டுமே. தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

நாள் வைத்தாயிற்று. அந்தக் குடி எங்கிருந்து வந்தது என்பது தனுஷியாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியாது.

கலியாணத்துக்கு வருகிறீர்களா?