விட்டுக்கொடுத்த ஆட்டம்

அந்தக் கட்டடத்தில் குடித்தனங்கள் ஆறு இருந்தாலும் கேரம் போர்டு ஒன்றுதான். கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில், தண்ணீர் மோட்டார் அறையை ஒட்டி, ஓர் இரும்பு முக்காலியின் மேல் அது கிடக்கும். சாயங்காலமானால் அதற்கு மேலே ஒரு பல்பு எரியும். அந்தப் பல்பின் கீழே வேன் அக்காவைத் தோற்கடித்ததாகச் சொல்லிக்கொள்ள அங்கே ஒருவரும் கிடையாது.

வேன் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். குழந்தைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயர் பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ஹாரன் அடிப்பதைவிட ஜன்னலை இறக்கிவிட்டுத் திட்டுவதில்தான் அவளுக்கு நம்பிக்கை அதிகம். கேரமிலும் அப்படியே. காய் விழுவதற்கு முன்பே எதிராளியின் மானம் விழுந்துவிடும்.

அவள் கணவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். கட்டடத்தில் அவனுக்குப் பெயர் பவர். லென்ஸின் பவர் என்றுதான் அர்த்தம். அவன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் லட்சணத்தைப் பார்த்தவர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வழியில்லை. கல்யாணமானதிலிருந்து அவளிடம் ஓர் ஆட்டம்கூட அவன் ஜெயித்ததில்லை. துவைத்த துணியைக் காயப்போடுவதற்கே ஒரு வரிசை வைத்திருப்பவன். போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் எல்லா வரிசையும் கலைந்துவிடும்.

அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது, வீட்டு வேலை, ஆஸ்பத்திரி, கடை எல்லாவற்றையும் முறையாகப் பிரித்துத் தானே சமாளித்துவிடலாம் என்று அவன் நம்பினான். நம்பிக்கை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கட்டடமே சேர்ந்து அவன் கையிலிருந்து வேலைகளைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டாம் மாடி ஃபிரிட்ஜ் மெக்கானிக், எல்லோருக்கும் ஐஸ் அண்ணன், வேன் சாவியை வாங்கிக்கொண்டு காலையில் குழந்தைகளை ஏற்றிப் போனார். எதிர்வீட்டு டீச்சர் அக்கா இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தார். மருந்து ஏற்றிவிட்டு வந்தால் தாளிக்கிற வாசனை அவளுக்கு ஆகவில்லை என்று தெரிந்ததும், அந்த நாட்களில் ஒரு வீட்டிலும் எண்ணெய் காயவில்லை. அவளுக்குத் தொற்றிவிடும் என்று, தும்மினவருக்கு அன்று கீழே இடமில்லை. படி ஏறத் தெம்பில்லாத நாளில் டீச்சரின் இரண்டு மகன்களும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள்.

"லெஃப்ட்ல ஒடிடா! வளைவுல பாத்து! சரக்கு வண்டியா ஓட்டுற?" என்று மேலே உட்கார்ந்தபடி அவள் போடும் சத்தத்தில் மூன்று மாடியும் சிரிக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். "டாக்டர் பேச்சு எனக்கு வேணாங்க. மில்லிமீட்டரு, பெர்சென்ட்டு, அதெல்லாம் கேட்டா எனக்குத் தூக்கம் போயிடும். நீங்க உள்ள போய்க் கேளுங்க. வெளிய வந்து நல்லதா கெட்டதான்னு ஒரே வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புவேன்."

அவன் அப்படியே செய்தான்.

வினை கேரமில் வந்தது. இரண்டாவது முறை மருந்து ஏற்றிய பிறகு அவள் விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்தன. எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அன்று சாயங்காலம் ஐஸ் அண்ணனிடம் தோற்கிற நிலைமைக்கு வந்தவள், உடம்பு அசதி என்று பாதியில் எழுந்துவிட்டாள். திட்டவில்லை. மேலே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். டீச்சர் அக்கா கொண்டுவந்த சூப் ஆறிப்போனது.

ஆறின சூப்பைப் பார்த்தபோது அவனுக்கு அந்த யோசனை வந்தது. அவள் தூங்கின பிறகு கீழே இறங்கினான்.

"அண்ணே, நாளையிலேர்ந்து கொஞ்சம் விட்டுக்குடுங்க. அவளுக்குத் தெரியாம."

"தம்பி, இது ஒரு பெரிய விஷயமா? தோக்கறதுன்னா நமக்குப் பழக்கந்தானே" என்றார் ஐஸ் அண்ணன்.

"நான் எப்பவும் போல ஆடினாலே போதும்" என்றார் டீச்சர் அக்கா.

அடுத்த நாளிலிருந்து வேன் அக்கா மறுபடி ஜெயித்தாள். சாப்பிட்டாள். திட்டினாள். திட்டு வாங்கியவர்கள் முகமெல்லாம் பல்லாக மேலே போனார்கள். சிகிச்சையின் நடுவில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அறையிலிருந்து அவன் வெளியே வந்த வேகத்தில் கதவு ஒரு நர்ஸின் தோளில் இடித்தது.

"நல்லது! ரொம்ப நல்லது! பாதிக்கு மேல சுருங்கிடுச்சு!"

"ஒரே வார்த்தைன்னு சொன்னேன்ல" என்றாள். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அவன் கையை விடவில்லை.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை. வியாழக்கிழமை அடுத்த மருந்து. ஐஸ் அண்ணனோடு ஆடிக்கொண்டிருந்த அவள் ஒரு வெள்ளைக் காயைக் குறிவைத்து, வேண்டுமென்றே ஸ்ட்ரைக்கரை வெறும் சட்டத்தில் மோதவிட்டாள். அடுத்தது அவர் முறை. அவருடைய கறுப்புக் காய் பாக்கெட் வாசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. மூச்சு விட்டால் விழும். ஐஸ் அண்ணன் கண்ணைச் சுருக்கினார், தோளை ஆட்டினார், சுண்டினார். ஸ்ட்ரைக்கர் எதிர் மூலைக்குப் போனது.

"அடடா, தப்பிடுச்சே" என்றார்.

வேன் அக்கா ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, ஃபிரிட்ஜ் குழாய்ல ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாக்கூடக் கண்டுபிடிக்கிற ஆளு நீங்க. வாசல்ல நிக்கிற காய் கண்ணுல படலையா?"

"அது வந்து... பல்பு வெளிச்சம்..."

"எனக்கு விரல்ல உணர்ச்சியே இல்ல. எதைத் தொடுறேன்னு எனக்கே தெரியல. ஆனா முன்னைவிட ஜாஸ்தி ஜெயிக்கிறேன். இது எப்படிண்ணே?"

ஐஸ் அண்ணனுக்குப் பொய் வராது. அவர் பார்வை தானாக, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பவர் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், குட்டு உடைந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. மேலே வந்து கதவைச் சாத்திய பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப ஸ்கேன்?"

"ஸ்கேன் நெசம்."

"கேரமும் நெசம்னுதானே நெனச்சேன்."

"அது வேற, இது வேற! இரு, ரிப்போர்ட்டே காட்டறேன்." கோப்பைத் தேதிவாரியாக விரித்து, பழைய அளவையும் புதிய அளவையும் விரலால் காட்டினான்.

அவள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "உங்க கடையில கலர் பிரிண்டர் இருக்கு. ஒரு கட்டடத்தையே சொல்லி வச்சு ஆட்டம் ஆடின மனுஷனுக்கு இது ஒரு வேலையா?"

"டாக்டருக்குப் போன் போடறேன். நீயே கேளு."

"அவரையும் சொல்லி வச்சிருப்பீங்க." தாளைப் பத்திரமாக மடித்துக் கொடுத்தாள். "சாகப்போறவளுக்குத்தாங்க ஜனங்க இப்படி விட்டுக்குடுப்பாங்க. வியாழக்கிழமை நான் வரல. போதும் இந்த ஊசி."

புதன்கிழமை காலையில் கட்டடமே வாசலில் நின்றது. டீச்சர் அக்கா தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். "உங்க சத்தியத்தை வச்சு ஒரு கிலோ உப்புகூட வாங்க முடியாதுக்கா" என்றாள் வேன் அக்கா. யார் என்ன சொன்னாலும் பிடி கொடுக்கவில்லை. நல்லெண்ணத்தில் செய்த ஒரு காரியத்தால், அத்தனை பேர் வார்த்தையும் செல்லாக்காசு ஆகியிருந்தது.

சாயங்காலம் அவளே எழுந்து சட்டை மாற்றிக்கொண்டாள்.

"கீழ வாங்க. ஒரு ஆட்டம். நீங்களும் நானும். நெசமா ஆடுங்க. நீங்க பொய் சொன்னா உங்க காது செவந்துடும். ஸ்கேனப்போ நான் காதைப் பாக்கல. இப்ப பாக்கறேன்."

விஷயம் பரவி எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். டீச்சர் அக்கா அவனை மோட்டார் அறைப் பக்கம் இழுத்துப்போனார்.

"தம்பி, உங்க ஆட்டம் எனக்குத் தெரியும். நீங்க நெசமா ஆடினாலே விட்டுக்குடுக்கற மாதிரிதான் இருக்கும். இப்ப என்ன பண்றது?"

அவன் கவலையும் அதுதான். அவள் ஆட்டத்துக்குக் கூப்பிட்டதிலிருந்து அதைத்தான் புரட்டிப் புரட்டி யோசித்துக்கொண்டிருந்தான். ஒளிக்க ஒன்றுமில்லாதவனே காயைத் தவறவிட்டால், பார்க்கிறவள் என்ன நினைப்பாள்?

பவுடர் தூவி ஆட்டம் ஆரம்பித்தது. அவள் உடைத்தாள். விரல் மரத்திருந்ததால் பழைய வேகம் இல்லை, என்றாலும் குறி முழுதாகப் போய்விடவில்லை. சிவப்பைப் போட்டு அடுத்த காயையும் போட்டுக் காப்பாற்றிக்கொண்டாள். அவனும் தட்டுத்தடுமாறி ஒவ்வொன்றாகப் போட்டான். நடுவில் நேராக நின்ற ஒரு கறுப்புக் காயைக் கோட்டை விட்டான்.

அவள் போர்டைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள். "இது என்னது?"

"நெசமாவே தப்பிடுச்சு!"

"அவர் ஆட்டமே அப்படித்தாம்மா" என்றார் டீச்சர்.

"நீங்க பேசாதீங்கக்கா. நீங்களும் அந்தக் கூட்டணிதான்."

இருவருக்கும் ஒவ்வொரு காய் மிஞ்சியது. அவள் வெள்ளை பாக்கெட்டுக்குப் போகிற வழியில் வசதியாக நின்றது. பழைய வேன் அக்கா கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தாள், விரலை ஊதிக்கொண்டாள், சுண்டினாள். காயில் பட்டது, ஆனால் விளிம்போடு. வெள்ளை பாக்கெட் உதட்டில் மோதித் திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்தது.

யாரும் 'அச்சச்சோ' சொல்லத் துணியவில்லை.

இப்போது அவன் முறை. அவன் கறுப்பு, எதிர்ச் சட்டத்தை ஒட்டி, பாக்கெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. மெல்ல உரசிவிட வேண்டும். இழுத்து அடித்தால் வேறு மூலைக்குப் போகும். விழவில்லை என்றால், எத்தனை நேர்மையாகத் தவறினாலும், அவள் எழுந்து மேலே போய்விடுவாள். நாளைக்கு நாற்காலியில் தூக்கினாலும் வரமாட்டாள். அவளிடம் ஜெயித்தே தீர வேண்டும் என்று அவன் நினைத்தது அதுதான் முதல் தடவை.

ஸ்ட்ரைக்கரை வைத்தான். கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினான். மறுபடி வலது பக்கம்.

"கண்ணாடியா பொருத்தறீங்க? சுண்டுங்க" என்றாள்.

சுண்டினான். ஸ்ட்ரைக்கர் சறுக்கிப் போய்க் காயின் தோளைத் தொட்டது. கறுப்பு சட்டத்தோடு ஊர்ந்தது. ஊர்ந்து, யோசித்து, பாக்கெட் விளிம்பில் தயங்கி, பொத்தென்று வலைக்குள் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அவன் பொறுப்பில்லை. உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தட்டிவிட்டு எழுந்தான். இரண்டு கையையும் தூக்கி ஒரு குதி குதித்தான். கல்யாண நாளிலிருந்து வாங்கிச் சேர்த்து வைத்திருந்த நக்கல் மொத்தமும் தொண்டையை உடைத்துக்கொண்டு வந்தது.

"விழுந்துச்சா! பாத்தியா! என்னவோ பெரிய சாம்பியன் மாதிரி அலட்டிக்கிட்ட! மண்ணைக் கவ்வினியா? போடி மொட்டை!"

அவள் முடி கொட்டினதிலிருந்து அந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தையை யாரும் உச்சரித்ததில்லை. ஐஸ் அண்ணன் தன் சொந்த வழுக்கையைக்கூடத் தொப்பி போட்டு மறைத்துக்கொண்டிருந்தார். தூக்கின கைகள் தூக்கினபடியே நிற்க, தான் சொன்னது அவனுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

வேன் அக்கா அவன் காதைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு கணம் அவள் நோயாளி என்பதையே அவன் மறந்திருந்தான். பல மாதங்களாக அவன் முகத்தில் எந்நேரமும் ஒட்டியிருந்த அந்தப் பரிவுப் பார்வை எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. எதிரே நின்றது, ஜெயித்த திமிரில் மூக்கு விடைத்த ஒரு பச்சைக் கேரம்காரன்.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று டீச்சர் அக்கா பதறிக் கிட்டே போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைத்துணியை உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

"மொட்டையாம்! பாத்தீங்களாண்ணே, என்ன வாய்! நெசமாவே ஜெயிச்சுட்டாரு இந்த ஆளு!"

"இல்ல, நான் வந்து, ஏதோ ஒரு..."

"வாய மூடுங்க. தோத்தது நான், உளர்றது நீங்க." மூச்சு வாங்க அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "சொல்லுங்க. எவ்வளவு சுருங்கியிருக்குன்னு சொன்னீங்க?"

"பாதிக்கு மேல."

"இன்னொரு தடவை."

"பாதிக்கு மேலடி."

அவள் வலைக்குள் கிடந்த கறுப்புக் காயை எடுத்துப் போர்டின் நடுவில் வைத்தாள். பிறகு ஐஸ் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நாளைக்குப் புள்ளைங்கள எறக்கிட்டு நேரா இங்க வந்துடுங்க. ஆஸ்பத்திரிக்கு என் வேன்லயே போயிடலாம். இப்ப உக்காருங்க. காய் அடுக்குங்க. இனிமே ஒரு காய் விட்டீங்க, சாவியப் புடுங்கிடுவேன்."

"விடுவேனா?" என்று தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார் அவர்.

நாளைக்கு வேண்டிய பையை எடுத்து வைக்கப் பவர் மேலே போனான். போர்வை, தண்ணீர், காலுறை என்று வழக்கமான வரிசையில்தான் ஆரம்பித்தான். கீழே காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வலையில் விழும் சத்தம் கேட்டது. விழுவது ஐஸ் அண்ணன் காய்கள்தான் என்பது அதைத் தொடர்ந்து வந்த திட்டில் தெரிந்தது. அவர் பரம்பரை, அவர் ஸ்க்ரூடிரைவர், அவர் பழுது பார்த்த ஃபிரிட்ஜ்கள் எதுவும் தப்பவில்லை. மாடிப்படியில் ஏறி, வராந்தா வளைவில் திரும்பி, சமையலறை வரைக்கும் வந்தது அந்தக் குரல்.

அவன் ஒரு ஜோடிக் காலுறையைக் கையில் பிடித்தபடி, அதைப் பையில் வைக்க மறந்து, கேட்டுக்கொண்டே நின்றான்.