பூட்டுக்காரரின் விடைத்தாள்

தேர்வுத்தாளின் முதல் வாக்கியத்தைப் படித்ததுமே பூட்டுக்காரருக்கு விடை தெரிந்துவிட்டது. கிழவன் கதவைத் திறக்கிறான் என்னும் பொருளில் அமைந்த எளிய ஆங்கில வாக்கியம். எழுவாய்க்கு ஒற்றைக் கோடு, பயனிலைக்கு இரட்டைக் கோடு, செயப்படுபொருளுக்கு வட்டம். அவர் கிழவனை விட்டுவிட்டுக் கதவின் கீழ் ஒற்றைக் கோடு இழுத்தார்.

பெரியவர்களுக்கான அந்த ஆங்கில மாலை வகுப்பில் தேர்ச்சி பெற்றவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். தவறியவர் மறுபடி முதலிலிருந்து உட்காரலாம். அவர் ஏற்கெனவே இருமுறை தவறியிருந்தார்.

“பூட்டண்ணே, இந்தத் தடவையாவது இறங்கிடுங்க,” என்று பக்கத்து பெஞ்சிலிருந்து கண்டக்டரம்மா சிரித்தார். “நீங்க இறங்கினாத்தானே அடுத்த ஆளு ஏற முடியும்?”

“கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்திருக்கேம்மா.”

கூண்டைத் திறந்துவிட்டால் கிளி மகிழ்ந்து பறந்துவிடும் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். அன்று மாலை அது எந்தக் கிளையில், யாரோடு உட்கார்ந்தது என்று கதை சொல்வதில்லை. மனைவி இருந்தவரை, கதவைத் தட்டினால் உள்ளிருந்து “யாரு?” என்று குரல் வரும். சாவி சட்டைப்பையில் இருந்தாலும் அந்தக் குரலுக்காகவே தட்டுவார். இப்போது அந்தச் சொல் இந்த வகுப்பில்தான் காதில் விழுந்தது. எழுவாயைக் கண்டுபிடிக்க, ஆசிரியை ஒவ்வொரு வாக்கியத்திடமும் “யாரு? யாரு?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

மற்றவர்கள் போனபின் ஆசிரியை அவருடைய தாளை மட்டும் கையில் வைத்திருந்தார்.

“ஐயா, ஒண்ணுகூடச் சரியில்ல.”

“மண்டையில ஏற மாட்டேங்குது மிஸ்.”

“தெரியாதவங்க குருட்டாம்போக்குல ஒண்ணு ரெண்டையாவது சரியாப் போட்டிருப்பாங்க. எல்லாத்தையும் தப்பாப் போடணும்னா, எல்லாம் தெரிஞ்சிருக்கணும்.”

அவர் தலை குனிந்தார். எந்தப் பல்லும் பொருந்தாதபடி ஒரு சாவியை அரத்தால் அராவ வேண்டுமென்றால், பூட்டின் உள்ளமைப்பை முழுதும் அறிந்திருக்க வேண்டும். தம் தொழிலையே மறந்து, அளவுக்கு மீறிக் கவனமாகத் தவறிவிட்டார்.

“ஏன் ஐயா இப்படி?”

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். ஆசிரியை தாளின் மேல் தேர்ச்சி என்று எழுதினார். நல்லது செய்கிறோம் என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

“சந்தோஷமாப் போயிட்டு வாங்க.”

“வரேன் மிஸ்,” என்றார் பழக்கத்தில்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வீட்டு வாசலில் சாவியை எடுத்து, பூட்டின் துவாரம்வரை கொண்டுபோனார். பிறகு அதைக் கைக்குள் மூடிக்கொண்டு, மறுகையால் கதவைத் தட்டினார்.