பார்ப்பவர்கள்: இருவர்

பல் செட் செய்யும் கூடத்தில் பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுவது அவள் வேலை. ஒரு மஞ்சளில் நாலு மஞ்சளைப் பிரித்துச் சொல்வாள். பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் படு சோம்பேறி. மகளின் பிறந்த தேதியையே எல்லாவற்றுக்கும் போட்டு வைத்திருந்தாள். கூடத்தின் ஆர்டர் பக்கத்தை யாரோ திறக்கப் பார்த்ததாக எச்சரிக்கை வந்த பிறகுதான், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி அவளைப் பிடித்து உலுக்கினான். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றை அன்றைக்கே போட்டாக வேண்டும் என்றான்.

மதிய இடைவேளையில் மூன்று செயலிகளை இறக்கிப் பார்த்தாள். முதலாவது போனில் மட்டும்தான் ஓடியது. இரண்டாவதில் எதைத் தொட்டாலும் விளம்பரம். மூன்றாவது, பிரவுசரில் கிடந்த அத்தனையையும் ஒரே நிமிஷத்தில் வாரிக்கொண்டு வந்து, ஒரே பாஸ்வேர்டு பதினேழு இடத்தில் இருப்பதாகச் சிவப்பில் காட்டியது. முகத்துக்கு நேரே சொல்கிற அந்தக் குணம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தவள் பதினோராவதில் நின்றாள். வீட்டுக் கேமரா. நாலு வருஷத்துக்கு முன்னால் காலி செய்த வாடகை வீட்டில், குழந்தையைக் கண்காணிக்க, போனிலிருந்தே பேசவும் கேட்கவும் முடிகிற மாதிரி, கூரை மூலையில் மாட்டியது. எட்டாத உயரம் என்று அங்கேயே விட்டு வந்திருந்தார்கள். இணைய இணைப்பு வீட்டுச் சொந்தக்காரருடையது. அது மாறவே இல்லை போலிருக்கிறது. திறந்தால் படம் ஓடியது.

அதே ஜன்னல். வேறு யாருடைய சோபாவோ. தரையில் மூன்று வயதுப் பையன் ஒருவன் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கிறோமே என்று மூடப்போனபோது, திரையின் அடியில் இருந்த வரி கண்ணில் பட்டது: பார்ப்பவர்கள்: 2.

"குட்டி முயலே," என்றது கேமராவுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், மெதுவாக. "அம்மா எங்க?"

பையன் தலையைத் தூக்கிச் சிரித்தான். "குளிக்கிறாங்க."

அந்த வீட்டில் இருந்தபோது தன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, குட்டி முயல் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவள் மகள் ஒரு வருஷம் அடம்பிடித்தாள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

புதிய செயலி உருவாக்கித் தந்த இருபது எழுத்தைப் போட்டாள். மற்ற எல்லாக் கருவிகளையும் வெளியேற்றினாள். இரண்டு ஒன்றானது. பையன் இன்னும் மூலையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா?" என்றான்.

வேலையைப் போட்டது போட்டபடி பஸ் பிடித்து அந்தப் பழைய வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த பெண்ணின் தலை இன்னும் ஈரமாக இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண் நாற்காலி மேல் ஸ்டூலை வைத்து ஏறி, கேமராவை ஒயரோடு பிய்த்தெடுத்தாள். அப்புறம்தான் இறங்கி, பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சுவத்துக்கிட்ட பேசுறான்னு நெனச்சோம்ங்க. புள்ளைங்க அப்படித்தான்னு விட்டுட்டோம்."

இருவருமாகப் போய்ப் புகார் கொடுத்தார்கள். அந்த இரண்டாவது ஆள் யார், எங்கிருந்து பார்த்தான் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சாப்பிட எடுத்து வைத்துக்கொண்டே, பழைய வீட்டில் யாராவது உன்னிடம் பேசுவார்களா என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"மூலை மாமாவா?" என்றாள் மகள், ஷூவைக் கழற்றியபடி. "தெனமும் பேசுவாரே. உனக்குத் தெரியும்னு சொன்னாரே."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். என்ன பேசுவார் என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. அம்மா தூங்கிட்டாங்களான்னு கேப்பாரு. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுவேன்."